ஏழு இருபத்தெட்டாம் வீடு

எங்கள் பிளாட்டில் என்னை எண் சோதிடம் பார்க்கிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சோதிடம் தெரியாது. தெரியாது என்று நான் அழுத்திச் சொல்லவும் இல்லை. அதனால் ஒருத்திக்குக் கிடைத்த நல்ல வீடு கைவிட்டுப் போகப் பார்த்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சுங்கை வேயில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். சர்க்யூட் பலகையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எண்ணும் தாளில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்கிற வேலை. கண் எண்ணில் இருக்கும், வாய் பக்கத்தில் இருக்கிறவளிடம் இருக்கும். மேற்பார்வையாளர் கேண்டீனில் விட்டுப் போகும் ஆங்கிலப் பத்திரிகையில் புதிர்ப் பக்கம் ஒன்று வரும். என் ஆங்கிலம் அரைகுறை. ஆனால் எண்ணுக்கு எந்த மொழியும் வேண்டியதில்லையே. அந்தப் பக்கத்தில்தான் இந்த விளையாட்டைப் பிடித்தேன்.

ஐம்பத்தெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தும் எட்டும் பதின்மூன்று. இது அதன் முகம். இப்போது அந்த எண்ணை உடைக்க வேண்டும், இதற்கு மேல் உடையாது என்கிற வரைக்கும். ஐம்பத்தெட்டு என்பது இரண்டு தடவை இருபத்தொன்பது. இருபத்தொன்பது எதற்கும் வகுபடாது. பள்ளிக்கூடத்தில் இதைப் பகா எண் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தொழிற்சாலை லைனில் என் பக்கத்தில் இருந்தவள் "கல்லு நம்பர்" என்பாள், எனக்கு அதுதான் மனதில் நின்றது. சரி, உடைத்துப் போட்ட துண்டுகளின் இலக்கங்களைக் கூட்டுங்கள். இரண்டு, இரண்டு, ஒன்பது. அதுவும் பதின்மூன்று. இது அதன் மனசு. முகமும் மனசும் ஒன்றாக இருக்கிற எண்.

எல்லா எண்ணும் இப்படி அமையாது. உடையாத கல்லு நம்பர்களை விட்டுவிட்டு ஒன்றிலிருந்து நூறு வரை தேடிப் பார்த்தேன், ஆறுதான் இருக்கின்றன. லைனில் சொன்னபோது அவள் தலையைத் தூக்காமலே, "நூறு பேருல ஆறு பேரா? அதிகம்லா," என்றாள்.

தொழிற்சாலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கூட இருந்த அண்ணன் குடும்பம் ஜொகூருக்குப் போனது. எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அது தனிக் கதை, பெரிய கதையும் இல்லை. கிள்ளானில் இந்த ஐந்து மாடி பிளாட்டில் கீழ்த்தளத்து வீடு எனக்கு. லிஃப்ட் கிடையாது, எனக்கு அது தேவையும் இல்லை. தனி மரம் தோப்பாகாது என்பார்கள். ஆக வேண்டாம், நிழலுக்கு ஒருத்தர் வந்து உட்கார்ந்தால் போதும் என்று சொல்லிக்கொள்வேன். உட்காரத்தான் ஆள் இல்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்து, சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த கல் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற போகிற வண்டிகளின் எண்களைத் தாளின் பின்பக்கம் எழுதி உடைத்துக்கொண்டிருப்பேன். மீன் லோரி ஒன்று, 391. பதினேழு தடவை இருபத்துமூன்று. முகம் பதின்மூன்று, மனசும் பதின்மூன்று. அன்று இரவுச் சாப்பாடு ருசித்தது.

நம் ஆட்கள் எண்ணைப் பார்த்தால் சும்மா விட மாட்டார்கள். கார் எண், வீட்டு எண், போன் எண், எதுவானாலும் இலக்கங்களைக் கூட்டி, கூட்டியதை மறுபடி கூட்டி, ஒற்றை இலக்கமாக்கிப் பார்ப்பார்கள். ஒன்பது வந்தால் முகம் மலரும். எட்டு வந்தால் சனி, போச்சு. ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்து வண்டி எண்ணையெல்லாம் கூட்டிக்கொண்டிருந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? எதிர் வீட்டுக்காரர் புதுக் காரோடு வந்த அன்று நேராக என்னிடம் வந்தார்.

"அக்கா, பாருங்க, ஓகேவா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. இது சும்மா விளையாட்டு."

"தெரிஞ்சவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க," என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். காரின் கதை, மாமனாரின் கதை, முதுகு வலியின் கதை என்று முக்கால் மணி நேரம் பேசினார். எழுந்து போனபோது பெஞ்சில் அவர் உட்கார்ந்த இடம் சூடாக இருந்தது. அடுத்த வாரம் இன்னொருத்தர் வந்தபோது நான் தெரியாது என்று சொல்லவில்லை. "கூட்டினா அஞ்சு வருது, நல்லாத்தான் இருக்கு," என்றேன். கூட்டல் உண்மைதானே. யாருக்கும் கெட்ட எண் என்று சொன்னதில்லை. எட்டு வந்தாலும், "உழைப்பு இருக்கும், ஆனா நிலைக்கும்," என்பேன். சொல்லிவிட்டு அவர்கள் கதையைக் கேட்பேன்.

அப்படி வந்தவள்தான் அவள். மேலே நான்காவது மாடிக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். புருஷன் தவறிவிட்டார். ஒரே மகன் காஜாங் பக்கம் வேலை, வாடகை அறை. மகனுடைய போன் எண்ணைக் காட்ட வந்தாள். மறுநாள் ஒரு டப்பாவில் கறியோடு வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். பிறகு வழக்கமாகிவிட்டது. ஆறு மணிக்கு அவள் ஒரு கறி கொண்டு இறங்குவாள், நான் சோறும் ஒரு கறியும் ஆக்கி வைத்திருப்பேன். இரண்டு பேரும் என் வீட்டில் சாப்பிடுவோம். "வரட்டா நான் மேல?" என்று ஒரு தடவை கேட்டேன். "நீங்க எதுக்கு ஏறணும், நான் இறங்குறேன்லா," என்றாள். அதோடு விட்டுவிட்டேன். பதினோரு வருஷம்.

எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பாள். கறியில் உப்புக் கூடிவிட்டால், "உப்பு கூடுனா தண்ணி ஊத்தலாம், வாய் கூடுனா எதை ஊத்த?" என்பாள். கிள்ளான் பாசாரில் மீன்காரனிடம் பேரம் பேசி ஓய்ந்து வந்து, "அவன் மீனுக்கு ரெண்டு கண்ணு, அவனுக்கு நாலு," என்பாள். இதையெல்லாம் நான் காலண்டர் தாளில் எண்களுக்கு நடுவே எழுதி வைத்திருக்கிறேன்.

போன வருஷம் கார்த்திகை விளக்கு முடிந்த வாரம், சாப்பிட உட்கார்ந்ததும் போனை நீட்டினாள். மகன் காஜாங்குக்கு அடுத்த செமினியில் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறான். அம்மாவும் வந்து கூட இருக்க வேண்டும் என்கிறான். தை பிறந்ததும் பால் காய்ச்ச வேண்டுமாம். போனில் ஒரு கதவின் படம். பி பிளாக், ஏழாவது மாடி, இருபத்தெட்டாம் எண். கதவில் 7-28 என்று ஒட்டியிருந்தது.

"லிஃப்ட் இருக்காம். நான் இன்னும் சரின்னு சொல்லல. நீங்க நம்பரைப் பார்த்துச் சொல்லுங்கக்கா."

என் கை தானாகக் கணக்குப் போட்டுவிட்டது. ஏழு, இரண்டு, எட்டு: பதினேழு. 728 என்று சேர்த்து உடைத்தால் மூன்று இரண்டுகள், ஒரு ஏழு, ஒரு பதின்மூன்று. இரண்டு, இரண்டு, இரண்டு, ஏழு, ஒன்று, மூன்று: பதினேழு. முகமும் மனசும் ஒன்று. அதோடு நிற்கவில்லை. அடுத்த கதவு, 729, அதுவும் அப்படித்தான். அதை உடைத்தால் ஆறு மூன்றுகள், முகம் பதினெட்டு, மனசு பதினெட்டு. இரண்டு எண்கள் இப்படி அடுத்தடுத்து நிற்பதை ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் முதல் தடவை பார்ப்பது அங்கேதான். அந்த ஜோடியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது. என் விளையாட்டில் அதைவிட நல்ல வீடு இல்லை.

நான் சொன்னது இது: "பதினேழு. கூட்டினா எட்டு வருது."

"எட்டா?"

"எட்டுதான், தங்கச்சி."

உழைப்பு இருக்கும், ஆனா நிலைக்கும் என்று எல்லாருக்கும் சொல்லும் வார்த்தையை அவளுக்குச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நல்ல வேளை கேட்டேன்," என்று சொல்லிப் போனாள்.

அந்த வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தேன். அவளுக்குப் பிடித்த இக்கான் பிலிஸ் சம்பல், அந்த நெத்திலிக் கருவாட்டுச் சம்பல், இரண்டு நாள் செய்தேன். மகனிடம் வர முடியாது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். "அவனுக்குக் கோவம். போகட்டும். சனிக்கு முன்னால பிள்ளை கோவம் பெருசா?" என்றாள். நான் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சம்பல் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் பெஞ்சுக்கு வந்தான். முப்பது வயதைத் தாண்டியவன், மரியாதையான பிள்ளை. உட்காராமல் நின்றான்.

"ஆன்டி, எனக்கு இந்த நம்பர்ல எல்லாம் நம்பிக்கை இல்ல. அம்மாவுக்கு இருக்கு. ஏதாவது பரிகாரம் சொல்ல முடியுமா? கதவுல 27A-ன்னு ஸ்டிக்கர் மாத்தி ஒட்டிக்கிட்டா ஆகுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் அப்படி மாற்றி ஒட்டாத பிளாட் உண்டா? நாலு என்றால் சீனர்களுக்கு ஆகாது என்று எங்கள் பிளாட்டின் நான்காவது மாடிக்கே 3A என்றுதான் பெயர்.

"மாத்தலாமான்னு பார்க்கணும்," என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "ஆன்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அம்மாவுக்கு மூட்டு தேஞ்சு போச்சு. டாக்டர் படி ஏறவே கூடாதுன்னுட்டாரு. போன வாரம் பின்னாலயே போனேன், அவங்களுக்குத் தெரியாது. உங்க வீட்ல சாப்பிட்டுட்டு ஏறுறாங்கல்ல, ரெண்டாவது மாடிக்கு மேல கையை ஊணி ஊணி ஏறுறாங்க. சின்னப் பிள்ளை மாதிரி. நடுவுல உக்காந்துக்கிறாங்க. நான் பார்த்துட்டு வந்துட்டேன்."

அவள் இறங்கி வரும்போது எனக்குத் தெரியும், செருப்புச் சத்தம் கேட்கும். ஏறிப் போகும்போது நான் கதவைச் சாத்தி விளக்கை அணைத்திருப்பேன். பதினோரு வருஷத்தில் அவள் ஏறுவதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

அவன் போனதும் காலண்டர் தாள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். முதல் மாடி ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் மூச்சு வாங்கியது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் படி திரும்புகிற இடத்தில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் ஸ்டூல் சுவரோரமாகக் கிடந்தது. அதன் காலில் கயிறு போட்டுக் கைப்பிடிக் கம்பியில் கட்டியிருந்தார்கள், யாரும் தூக்கிப் போகாமல் இருக்க. பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். அவளுடையது என்று கேட்காமலே தெரிந்தது, மூடியில் அவள் வழக்கமாகக் கட்டும் சிவப்பு ரப்பர் வளையம் இருந்தது. நான் அந்த ஸ்டூலில் உட்காரவில்லை.

கதவைத் திறந்தவள் பயந்துபோனாள். "என்னக்கா, யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. சும்மா வந்தேன்."

"உங்களை யாரு ஏறச் சொன்னா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. நான் தாளை மேசையில் விரித்தேன்.

"தங்கச்சி, நான் நம்பர் பார்க்கிறவ இல்ல. இது வேற. பேப்பர்ல வர்ற விளையாட்டு மாதிரி. அந்த விளையாட்டுல உன் வீட்டு நம்பர் மாதிரி ஒரு நம்பர் கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம். பாரு, இங்க பதினேழு, இப்படி உடைச்சா இங்கயும் பதினேழு..."

அவள் தாளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எட்டு வரலையா?"

"வருது. கூட்டினா வருது."

"வருதுல்ல. அப்புறம் என்ன?"

"எட்டு வந்தவங்களுக்கெல்லாம் நான் நல்லதாத்தான் சொல்லுவேன். உனக்கு மட்டும் சொல்லல."

"ஏன் சொல்லல?"

விளையாட்டு, கணக்கு, பத்திரிகை என்று சொல்ல நிறைய வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான். "நீ போயிட்டா சாயங்காலம் எனக்கு யாரு வருவா?"

அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். எனக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் நின்றாள். ஜன்னல் வழியாகக் கீழே கல் பெஞ்சு தெரிந்தது; நான் விட்டுவந்த பேனா அதன் மேல் கிடப்பதுகூடத் தெரிந்தது.

"இங்கேர்ந்து பார்த்தா நீங்க தெரிவீங்க," என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல். "தலையைக் குனிஞ்சு எழுதிக்கிட்டே இருப்பீங்க. நாலரைக்கெல்லாம் வந்துடுவீங்க. பார்க்க ஒரு மாதிரி இருக்கும். அதான் ஆறு மணிக்கு இறங்கிடுறது. முடியாத அன்னைக்கும்."

இதை நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. கறியின் மேலுள்ள ஆசையில், பேச்சின் மேலுள்ள ஆசையில் வருகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். தாளை நான்காக மடித்தேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எனக்கு உங்க கணக்கெல்லாம் வேணாம்க்கா. எட்டுன்னா எட்டுதான், எங்கம்மா எட்டாந்தேதி உப்புகூட வாங்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு. நான் அழுகின கத்திரிக்காயை ஆக்கிக் கொண்டாந்தாக்கூட நல்லாருக்குன்னு சாப்பிடுற ஆளு நீங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் கெட்டதுன்னு சொன்னதில்ல. அப்படிப்பட்ட நீங்களே அமுக்கிப் பேசித் தடுக்கப் பார்த்தீங்கன்னா, அது நல்ல வீடாத்தான் இருக்கும். நான் போறேன்."

கோபமா, கேலியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். அன்று சாயங்காலம் அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஆறு மணிக்கு நான் சோற்றையும் கறியையும் எடுத்துக்கொண்டு ஏறினேன். கதவைத் திறந்து, "ஏறிப் பழகுறீங்களா? நான் கிளம்புற நேரத்துல," என்றாள். உட்காரச் சொன்னாள். தை பிறக்கும் வரைக்கும் தினமும் நான்தான் ஏறினேன். நடுவில் அந்த நீல ஸ்டூலில் உட்கார்ந்து போகவும் கற்றுக்கொண்டேன். அங்கே உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது, எதிர்ச் சுவர் மட்டும்தான்.

இதற்கிடையில் பெஞ்சுக்கு வந்தவர்களிடமும் சொல்லிவிட்டேன். எனக்குச் சோதிடம் தெரியாது, இதுவரை சொன்னதெல்லாம் வெறும் கூட்டல் என்று. யாரும் சண்டைக்கு வரவில்லை. எதிர் வீட்டுக்காரர் மட்டும், "காரு நல்லாத்தான் ஓடுது, விடுங்கக்கா," என்றார். ஆனால் அதன் பிறகு காருக்கும் வீட்டுக்கும் நடுவே என்னைத் தாண்டிப் போகும்போது தலையசைப்பதோடு சரி. மற்றவர்களும் அப்படியே. எண் இல்லாமல் என் பக்கத்தில் உட்கார ஒரு காரணம் யாருக்கும் தோன்றவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

பால் காய்ச்சுகிற அன்று விடிந்ததும் கொமியூட்டர் ரயில் ஏறினேன். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை திறக்கக் காத்திருந்து மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டு, மறுபடி ரயில் பிடித்துக் காஜாங் போனேன். மகன் காரோடு நின்றான். அங்கே லிஃப்ட் சத்தமில்லாமல் ஏறியது. 7-28 என்ற எண்ணை அவன் மாற்றவில்லை. அதற்கு மேலே அவள் பத்துமலையில் வாங்கிய முருகன் படத்தை ஒட்டியிருந்தாள். அது அவளுடைய பரிகாரம். வீடு காற்றோட்டமாக இருந்தது. அவள் அடுப்படிக்கும் கூடத்துக்கும் எங்கும் பிடிக்காமல் நடந்தாள். அதை நான் நின்று பார்த்தேன்.

பால் பொங்கியது. ஏழெட்டுப் பேர் இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரி, புதிதாகக் கல்யாணமான பெண், தட்டில் வாழைப்பழத்தோடு வந்தாள். அவள் கதவில் 7-29. நான் அவளிடம் சொல்ல வாயெடுத்தேன், உன் வீட்டு எண்ணுக்கு ஒரு கதை இருக்கிறது என்று. அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"ஆன்டி, நீங்களும் இவங்களோட இங்கயே வந்துட்டீங்களா?"

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "இல்லம்மா. அக்கா கிள்ளான்."

இயல்பாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஏலக்காய் எங்க வச்சேன்?" என்று மகனைக் கேட்டாள். நான் அந்தப் பெண்ணிடம் வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, இரவு தங்கிப் போகச் சொன்னாள். மாற்றுச் சேலை கொண்டுவரவில்லை என்றேன். உள்ளே போய் ஒரு டப்பாவில் கத்திரிக்காய்க் கறியை நிரப்பி, மேலே துணி கட்டிக் கையில் கொடுத்தாள். "ஆறு மணிக்குச் சாப்பிடுங்க," என்றாள். லிஃப்ட் கதவு மூடும்வரை நின்றாள்.

கிள்ளான் வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் இருந்தது. கறி நன்றாக இருந்தது, உப்பு ஒரு சிட்டிகை கூட. டப்பாவைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தேன். கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. எதைப் போட்டுக் கொண்டுபோவது, எந்தக் கிழமை போவது என்று யோசித்துக்கொண்டே கொஞ்ச நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.